கெதெலோன் கோட்டையைக் கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோட்டை வேலை முடிந்ததும் பட்டறைகளை மூடிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நானும் கட்டட வேலையில் இருப்பவன். கம்பியும் சிமெண்டும்தான் என் பிழைப்பு. அதனாலேயே உங்கள் வேலையின் அருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரிகிறது.

இதைப் படிக்கும் தமிழர்களுக்காகச் சில விவரங்கள். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில், ட்ரென்யி என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில், கைவிட்ட கல் குவாரி ஒன்றில், பழைய காலத்து முறையிலேயே ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்டும் இந்த வேலை 1997-இல் தொடங்கியது. அருகிலுள்ள சேன்-ஃபார்ஜோ மாளிகையை வாங்கிச் செப்பனிட்டவர் மிஷேல் கீயோ. அதன் செங்கல் சுவர்களுக்குள் ஓர் இடைக்காலக் கோட்டை மறைந்திருப்பது ஆய்வில் தெரியவந்தது. அப்படி ஒன்றை அடியிலிருந்து கட்டிப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. மரிலின் மர்த்தேன் என்பவர் அவரோடு சேர்ந்து அதை நடத்திக் காட்டினார்.

இது அரசனின் பெருங்கோட்டை அல்ல, 13ஆம் நூற்றாண்டுச் சிறு பிரபு ஒருவரின் அரண் சூழ்ந்த வீடு. கீழே சமையலறையும் களஞ்சியமும், மேலே பெரிய கூடம், அதற்கு மேல் ஓக் மரக் கூரை. மூலைக்கு மூலை வட்டக் கோபுரம். சதுரக் கோபுரமாக இருந்தால் அதன் முனையடியில் எதிரி ஒண்டிக்கொள்ள இடம் கிடைக்கும், வட்டத்தில் அது கிடைக்காது. கோபுரம் மதிலைவிட முன்தள்ளி நிற்பதால், அம்புத் துளையிலிருந்து மதிலடி முழுவதையும் காவல் காக்கலாம். பிலிப் ஒகுஸ்த் மன்னர் (1180–1223) காலத்தில் பரவிய கட்டுமான முறை இது.

இனி உங்களுக்கே வருகிறேன். 13 முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று, இடையில் 12 சம அளவுகள். மூன்று, நான்கு, ஐந்து என்று பிரித்து இழுத்தால் மூலைமட்டம், அதாவது செங்கோணம், கச்சிதமாக விழுகிறது. பெரிய மரச் சக்கரத்துக்குள் ஆள் நடந்தே கல்லைக் கோபுர உச்சிக்கு ஏற்றுகிறார். ஈரம் காயாத பச்சை ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்குவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ரம்பம் நேர்கோட்டில் போய் நாரை வெட்டிவிடும். கோடரிக்காரர் மரம் வளர்ந்த போக்கிலேயே போகிறார். உத்தரம் லேசாக வளைந்திருக்கும், ஆனால் நார் அறுபடாததால் வலுக் குறைவதில்லை.

மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி வந்து பார்க்கிற இடம் என்பதால், இதைப் பொழுதுபோக்குப் பூங்கா என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் கூரை எரிந்தது. அதை மறுபடி பழைய முறையில் கோடரியால் செதுக்கிக் கட்டத் தச்சர்கள் தேவைப்பட்டபோது, உங்களிடம் வேலை பழகியவர்களும் அங்கே நின்றார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது. நீங்கள் அத்தனை வருடம் காட்டுக்குள் உளி தட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கைப்பழக்கம் இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்குமா?

அதனால்தான் கேட்கிறேன். கடைசிக் கல் ஏறியதும், அப்புறம் ஒரு ஆற்றுப் பாலமோ சிறு தேவாலயமோ தொடங்குங்கள். நுழைவுச்சீட்டுப் பணத்தில் இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கு அது முடியாத காரியம் அல்ல.

இன்னொன்றும் உண்டு. எந்தச் சுண்ணாம்புக் கலவை நின்றது, எது விரிசல் விட்டது, வளைவைத் தாங்கக் கொடுத்த தற்காலிக மரச் சட்டத்தை (சென்டரிங்) எத்தனை நாள் கழித்துப் பிரித்தீர்கள், அப்போது கல் எவ்வளவு இறங்கியது என்ற கணக்கையெல்லாம் பிரெஞ்சு தெரியாத கொத்தனாரும் படிக்கிற மாதிரி, படங்களோடு வெளியிடுங்கள். தோற்றுப்போன சோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். வேலையிடத்தில் எங்களுக்கு அதிகம் உதவுவது அவைதான்.

அன்புடன்,
ஒரு கட்டடத் தொழிலாளி