அல்ட்ராமேன் எந்த வயதுப் பிள்ளைக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பிதழில் குடும்பத்தோடு பார்ப்பதற்கென்று வந்த பட்டியலில், நெட்ஃப்ளிக்ஸில் 2019-ல் வெளியான 'அல்ட்ராமேன்' அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடரும் இருந்தது. ராட்சத உருவமெடுத்து அரக்கர்களோடு சண்டை போடும் ஜப்பானியக் கதை நாயகன்தான் அல்ட்ராமேன். சின்ன வயதில் என் அண்ணனிடம் சிவப்பும் வெள்ளியுமாக ஒரு ரப்பர் அல்ட்ராமேன் பொம்மை இருந்தது. என்னைத் தொடவே விடமாட்டான். அந்த நினைப்பிலேயே 7 வயது மகனையும் 14 வயது மகளையும் உட்காரவைத்துத் தொடரைப் போட்டுவிட்டேன். வயது வரம்பு திரையிலேயே காட்டப்படுகிறது. நான்தான் கவனிக்கவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. குட்டிப் பையன் ஷின்ஜிரோ மாடியிலிருந்து விழுந்தும் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தபோது என் மகன் கைதட்டினான். அப்புறம் கதை பல வருடங்கள் தாண்டிப் போகிறது. பழைய அல்ட்ராமேனான ஹயாட்டாவுக்கு வயதாகிவிட்டது. தன் மகன் ஷின்ஜிரோவைக் காப்பாற்ற ஓர் இரும்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து, செமையாக அடி வாங்குகிறார். "இவரு எப்பம்மா பெருசாவாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான் என் மகன். அவன் பார்த்திருந்த படங்களில் அல்ட்ராமேன் 40 மீட்டர் உயரம். இந்தத் தொடரில் கவசம் போட்ட ஆள் உயரம்தான். அடுத்து அவன் கேட்டது, "அப்பாவை ஏன்மா இப்படி அடிக்கிறாங்க?" நிறுத்திவிட்டேன். அன்றிரவு அவன் தன் அப்பா பக்கத்தில்தான் படுத்தான்.

தொடர் மோசம் என்று சொல்லவில்லை. மிச்சத்தை மகளோடு பார்த்து முடித்தேன். ஒரு பாடகியை இணையத்தில் திட்டியவர்கள் வரிசையாகக் கொல்லப்படும் பகுதி வந்தபோது, படத்தை நிறுத்தி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினோம். தன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அவள் என்னிடம் வாயே திறந்ததில்லை, அன்று சொன்னாள். அந்த வயதுக்கு நல்ல தொடர்தான். சிறுவனுக்கு ஆகாது.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. காட்ஜில்லா படங்களின் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயாவின் நிறுவனம், 1966-ல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 39 அத்தியாயங்களாகத் தந்தது முதல் அல்ட்ராமேன். அதைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். 2011-ல் தொடங்கிய மங்காவும் (ஜப்பானியப் படக்கதை) அதை வைத்து எடுத்த இந்த அனிமேயும் அப்படி வளர்ந்தவர்களுக்கானவை. பழைய தொடரிலும் துக்கம் உண்டு. தண்ணீரில்லாத கிரகத்தில் கைவிடப்பட்டு அரக்கனாக மாறிப்போன ஒரு விண்வெளி வீரன், ஜமிலா, பூமிக்குத் திரும்பி வந்து தண்ணீராலேயே சாவான். அதைப் பார்த்து ஒரு பிள்ளை அழலாம், ஆனால் ரத்தத்தைப் பார்த்து மிரளாது.

'டெவில்மேன்' என்ற இன்னொரு ஜப்பானியத் தொடரின் கதையும் இப்படித்தான். 1972-ல் சிறுவர்களுக்காகத் தொலைக்காட்சியில் வந்தது. அதே பெயரைப் பார்த்து 2018-ல் வந்த 'டெவில்மேன் கிரைபேபி'யை யாரும் வீட்டுக் கூடத்தில் போட்டுவிட வேண்டாம். அது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கு.

உங்கள் பட்டியலில் இருந்திருக்க வேண்டியது 2024-ல் வந்த 'அல்ட்ராமேன்: ரைசிங்' படம். பேஸ்பால் வீரன் கென் சாட்டோதான் அதில் அல்ட்ராமேன். முட்டையிலிருந்து வெளிவந்த அரக்கக் குட்டி ஒன்று அவனையே பெற்றவனாக நினைத்து ஒட்டிக்கொள்கிறது. அதை வளர்க்கும் சிரமத்தில் தூக்கம் கெட்டு, ஆட்டமும் கெட்டு அவன் தள்ளாடுவதைப் பார்த்து வீட்டில் அதிகம் சிரித்தது என் கணவர்தான். மகன் இரண்டு முறை பார்த்துவிட்டான். அவன் கேட்ட பெரிய அல்ட்ராமேனும் கிடைத்துவிட்டார்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான்: 'குடும்பத்தோடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், எந்த வயதுக்கு, ரத்தம் உண்டா, யாராவது சாகிறார்களா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பட்டியல் எழுதுபவர் முதல் அத்தியாயத்தையாவது பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
உங்கள் நெடுநாள் வாசகி