ஆக்சிஜன் பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. பட்டாளத்தில் குண்டுவெடிப்பில் மாட்டித் திரும்பிய தம்பியை ஆக்சிஜன் பெட்டியில் நாற்பது தடவை படுக்க வைத்தால் தலைவலி, மறதி, ராத்திரி அலறல் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னார்களாம். மேட்டு நிலத்தை அடமானம் வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அது மோசடி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டிக்குள் ஆளைப் படுக்க வைத்து, காற்றழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்சிஜனை சுவாசிக்க விடுவார்கள். ஆழ்கடலில் மூழ்கி அவசரமாக மேலே வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கும், கார்பன் மோனாக்சைடு ஏறியவர்களுக்கும், சர்க்கரை நோயில் கால் புண் ஆறாதவர்களுக்கும் அது நல்ல வைத்தியம். உள்ளே தீப்பொறி பட்டால் ஆபத்து என்பதால் பருத்தித் துணிதான் போட வேண்டும், போன் கூடாது, தலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விமானத்தில் அடைக்கிற மாதிரி காது அடைக்கும். இன்னொன்று, தம்பிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. அதிக அழுத்தத்தில் ஆக்சிஜனே சிலருக்கு வலிப்பை வரவழைக்கும்.

ஆனால் தம்பியின் பிரச்சினை கால் புண் இல்லையே. குண்டு வெடித்த அதிர்ச்சியில் தலைக்குள் பட்ட அடி. அதற்கு இது கேட்குமா என்று அமெரிக்க ராணுவத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. தலையில் லேசான அடி பட்டு, தொல்லை தீராத 72 பேர், மூன்று குழு. ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். அடுத்த குழுவுக்கு ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன், நாற்பது தடவை. மூன்றாவது குழுவையும் அதேபோல நாற்பது தடவை உள்ளே அனுப்பினார்கள்; ஆனால் கிடைத்தது சாதாரணக் காற்று, அழுத்தமும் பெயருக்குத்தான். யாருக்கு எது என்று அவர்களிடம் சொல்லவில்லை. உள்ளே போன இரண்டு குழுவுக்கும் தேவலையானது, போகாதவர்களைவிட நன்றாகவே. ஆக்சிஜன் வாங்கியவனுக்கும் வெறுங்காற்று வாங்கியவனுக்கும் மட்டும் வித்தியாசமே இல்லை!

அந்தக் கொஞ்ச அழுத்தமே மருந்துதான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. பட்டாளத்தில் இருந்தவன் தினமும் குளித்து, சட்டை மாற்றி, குறித்த நேரத்துக்கு ஓர் இடத்துக்குப் போகிறான். அங்கே பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது. ராத்திரி தூங்கினாயா என்று ஒரு நர்ஸ் கேட்கிறாள். அவனைப் போலவே இன்னும் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்பது தடவை இப்படி நடந்தால் ஆள் கொஞ்சமாவது தேறத்தானே செய்வான்? அதற்கு நிலத்தை ஏன் அடமானம் வைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நம்ம ஏழுமலையையே பாரேன். 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவன், வண்டி கண்ணிவெடியில் ஏறித் தூக்கி எறியப்பட்டவன். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அதில் அரசியல் நியாயம் ஆயிரம் இருக்கலாம், அதை விடு. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, ஆனால் தெருவில் ஒருத்தன்கூட அவனிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்துச் சாவு ஊர்வலம் உனக்குத் தெரியும்: பறை, தெரு முழுக்கப் பூ, முக்குக்கு முக்கு சரவெடி. முதல் வெடிக்கே ஏழுமலை கட்டிலுக்கடியில் போய்விடுவான். பெண்டாட்டி பிள்ளைகள் வெளியே சொல்லாமல் மூடி மறைத்தார்கள். குடி என்று ஊர் பேசியது. குடியும் இருந்தது, கேன்டீன் ரம்தான்.

அவனை அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது அவன் மருமகள். நடந்ததை வரிசையாகச் சொல்ல வைத்து, பயந்து ஒதுக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வைக்கிற சிகிச்சை. பயங்கரத்தைப் பார்த்த அதிர்ச்சி மனசை விட்டுப் போகாத இந்த நோய்க்கு (பிடிஎஸ்டி என்பார்கள்) உலகம் முழுக்க முதலில் செய்யச் சொல்வது அதைத்தான். கூடவே மாத்திரை. அப்புறம் கேரம். பின் தெரு கிளப்பில் சாயங்காலம் ஆனால் அவன்தான் பவுடர் போடுகிறவன். வலது கை நடுங்கும், இடது கையால் அடிக்கிறான். வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்கா போய் கேரமில் உலகத் தங்கம் அடித்து வந்ததிலிருந்து கிளப்பில் பொடிப்பசங்க கூட்டம் அதிகம். எல்லாருக்கும் இவன் ஓசி கோச். ஊர்வலம் வரப்போகிறது என்றால் ஒரு பையன் ஓடிவந்து சொல்லிவிடுவான். அன்றைக்கு கிளப் ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைப் பெரிதாக வைத்து ஆடுகிறார்கள். கேரம்தான் குணப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன், டாக்டர் இல்லாமல் அவன் அந்த கிளப் வாசலுக்கே வந்திருக்க மாட்டான்.

தம்பிக்கு இன்றைக்கே ஆரம்பிக்கக்கூடியது ஒன்று சொல்கிறேன், என் பிசியோ புத்தி சும்மா இருக்காது. தலையைத் திருப்பினால் கிறுகிறுப்பு வருகிறது என்று எழுதியிருந்தாய். நாற்காலியில் உட்காரச் சொல். கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பார்க்கட்டும். நகத்தை விட்டுக் கண் நகராமல், 'இல்லை இல்லை' என்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டட்டும். நகம் கலங்கித் தெரிந்தால் வேகம் அதிகம், குறைக்க வேண்டும். அரை நிமிஷம் போதும், நாளைக்கு மூன்று நாலு தடவை. முதலில் கிறுகிறுப்பு கூடும், பயப்படாதே. கழுத்தில் வலி இருந்தால் மட்டும் நான் பார்க்கும்வரை செய்ய வேண்டாம். காதுப் பரிசோதனையும் எடுத்துவிடு; வெடிச்சத்தத்தில் காது போனவனை மறதிக்காரன் என்று நினைத்துவிடுவோம்.

உன் மகன் அனுப்பிய மற்ற சமாச்சாரங்களையும் பார்த்தேன். யோகா, மூச்சுப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவமனையே இருக்கிறது. கழுத்து நரம்பு முடிச்சில் மரப்பு ஊசி போடுவது: 2020-ல் வந்த சோதனையில் ஓரளவு பலன் தெரிந்தது, அவ்வளவுதான். மெக்சிகோவில் ஐபோகெயின் என்கிற செடிப் போதை மருந்தைக் கொடுத்தது: முன்னாள் கமாண்டோக்கள் 30 பேருக்கு நன்றாக இருந்ததாம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லை, இதயத் துடிப்பைக் கெடுக்கிற மருந்து வேறு. எம்டிஎம்ஏ என்கிற போதை மருந்தை இந்த நோய்க்குக் கொடுக்க 2024-ல் அமெரிக்காவே அனுமதிக்க மறுத்துவிட்டது. இங்கே அதைக் கையில் வைத்திருந்தாலே ஜெயில். நாய் வளர்ப்பதை நான் ஆதரிக்கிறேன், உன் மனைவி ஒத்துக்கொண்டால்.

பணம் கட்டுவதற்கு முன் தம்பியின் இசிஎச்எஸ் அட்டையோடு (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) அதன் பாலிகிளினிக்குக்குப் போ. அங்கே எழுதி வாங்காமல் கைக்காசைப் போட்டுவிட்டு அப்புறம் கேட்டால் அலைய வேண்டியதுதான். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் போன் போடு; டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். தம்பிக்கு ரம் பாட்டிலை வாங்கி வருகிற ஆள் யார் என்று பார்த்து, அவனிடமும் ஒரு வார்த்தை பேசு.

அடுத்த வாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாயேன். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து மெட்ரோ தண்டையார்பேட்டைக்கே வருகிறது. பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள். ஏழுமலையிடம் சொல்லிவிட்டேன், தம்பிக்குக் கேரம் ஆடத் தெரியுமா என்று கேட்கிறான். வஞ்சிரக் கருவாடு வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லு, காசிமேட்டில் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்