ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நிரலை அச்சடிக்க வேண்டாம்: கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்கள், ப்ராஜெக்ட் கைடுகளாக இருக்கும் ஆசிரியர்கள்

வணக்கம்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் முடியும் மாதங்களில் காலாப்பட்டு முதல் சிதம்பரம் வரை ஜெராக்ஸ் கடைகளில் பைண்டிங் வேலை குவிந்து கிடக்கும். அந்த ரிப்போர்ட்டுகளின் கடைசிப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். 'சோர்ஸ் கோட்' என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக நிரல். நீளமான வரிகள் ஓரத்தில் மடங்கி அடுத்த வரிக்கு வந்திருக்கும். வேர்டில் ஒட்டும்போது வரித் தொடக்க இடைவெளி (இண்டெண்ட்) கலைந்திருக்கும். பைத்தானில் இண்டெண்ட் கலைந்தால் நிரலின் பொருளே மாறிவிடும். வாய்மொழித் தேர்வான வைவாவில் அதை யாரும் படிப்பதில்லை. அடுத்த ஆண்டு அதே ப்ராஜெக்டைத் தொடர வரும் மாணவருக்கும் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

அந்தப் பக்கங்களைக் கேட்பதை நிறுத்துங்கள். நிரலுக்குள் மாணவர் எழுதிய விளக்கக் குறிப்பிலிருந்து (கமெண்ட்) கருவி தானாக உருவாக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். அந்தக் கமெண்டுகளைப் படித்து மதிப்பெண் கொடுங்கள். எங்கள் வேண்டுகோள் இதுதான்.

இதற்குப் பணம் செலவில்லை. ஜாவாவுக்கான கருவி ஜாவாடாக். அது 1996-இல் ஜாவாவின் முதல் பதிப்போடு வந்தது, ஜாவாவில் நிரல் எழுதத் தேவையான ஜே.டி.கே. தொகுப்பை நிறுவினாலே இன்றும் கூட வருகிறது. சி, சி++ எழுதுகிறவர்களுக்கு டிமிட்ரி வான் ஹீஷ் 1997-இல் வெளியிட்ட டாக்ஸிஜன் இருக்கிறது. பைத்தானுக்கு, அந்த மொழியின் சொந்த ஆவணங்களுக்காகவே கியோர்க் பிராண்டல் எழுதி 2008-இல் வெளிவந்த ஸ்பிங்ஸ். மூன்றுமே கட்டற்ற மென்பொருள். பழைய லேப் கணினியிலும் ஓடும். கீழே கட்டளைகளைத் தமிழில் ஒலித்து எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

டாக்ஸிஜனை எடுத்துக்கொள்வோம். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று 'டாக்ஸிஜன் -ஜி' என்று கொடுத்தால் 'டாக்ஸிஃபைல்' என்ற அமைப்புக் கோப்பு உருவாகும். அதைத் திருத்திவிட்டு வெறுமனே 'டாக்ஸிஜன்' என்று ஓட்டினால் ஆவணம் தயார். ஆனால் முதல் முறை ஓட்டும் மாணவருக்குப் பெரும்பாலும் வெற்றுப் பக்கம்தான் வரும். அங்கேயே 'இது வேலை செய்யாது சார்' என்று விட்டுவிடுவார்கள். காரணங்கள் மூன்று. உள் ஃபோல்டர்களுக்குள் போக 'ரிகர்சிவ்' என்ற மதிப்பு 'யெஸ்' ஆக வேண்டும். அது இயல்பில் 'நோ'. கமெண்ட் வெறும் /* என்று தொடங்கினால் டாக்ஸிஜன் கண்டுகொள்ளாது. /** என்று இரண்டு நட்சத்திரம் வேண்டும். மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். சி ஃபங்ஷனுக்கும், சி++-இல் கிளாஸுக்கு வெளியே இருக்கும் ஃபங்ஷனுக்கும் எவ்வளவு அழகாகக் கமெண்ட் எழுதினாலும், அந்தக் கோப்பின் தலையில் '@ஃபைல்' என்ற குறி உள்ள ஒரு கமெண்ட் இல்லையென்றால் அது ஆவணத்தில் வராது.

வெற்றுப் பக்கத்தைக் கண்டு பதறும் மாணவர் இணையத்தில் தேடினால் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' மதிப்பை 'யெஸ்' ஆக்கச் சொல்வார்கள். உடனே எல்லா ஃபங்ஷனும் பட்டியலில் வந்துவிடும், கமெண்டே இல்லாதவையும் சேர்த்து. அதோடு, 'இதற்குக் கமெண்ட் இல்லை' என்று சொல்லும் எச்சரிக்கையும் தானாக அணைந்துவிடும். நூறு பக்க ஆவணம் கிடைக்கும், உள்ளே பெயர்களைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆகவே ரிவ்யூவில் டாக்ஸிஃபைலைத் திறந்து முதலில் இந்த வரியைப் பாருங்கள். 'நோ' என்று இருக்க வேண்டும். 'வார்ன் நோ பாரம்டாக்' என்பதை 'யெஸ்' ஆக்கச் சொல்லுங்கள். அப்போது கமெண்ட் உள்ள ஃபங்ஷனில் விளக்கம் எழுதாத பாராமீட்டர்களை (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளை) கருவியே வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும்.

நிரலையும் பார்க்க வேண்டுமே என்று கேட்பீர்கள். 'சோர்ஸ் பிரவுசர்' மதிப்பை 'யெஸ்' ஆக்கினால் முழு நிரலும் வரி எண்களோடு, இண்டெண்ட் கலையாமல், ஒரு ஃபங்ஷன் பெயரைத் தொட்டால் அது எழுதப்பட்ட இடத்துக்கே போகும்படி ஆவணத்துக்குள் வந்துவிடும். படம் வரையும் கருவியான கிராஃப்விஸை நிறுவி, 'ஹேவ் டாட்', 'கால் கிராஃப்' மதிப்புகளையும் 'யெஸ்' ஆக்கினால் எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்ற படத்தையும் வரைந்து தரும். இணைப்பு இல்லாத வைவா அறையிலும் பென்டிரைவிலிருந்து பிரவுசரில் திறக்கலாம்.

அர்டுயினோ ப்ராஜெக்டுகளுக்கு ஒரு சொல்: '.ஐனோ' கோப்புகளை டாக்ஸிஜன் தானாகப் படிக்காது. 'ஃபைல் பேட்டர்ன்ஸ்' பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும், 'எக்ஸ்டென்ஷன் மேப்பிங்' வரியில் அதைச் சி++ என்றும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

ஜாவாடாக்கில் சிக்கல் வேறு மாதிரி. அது பப்ளிக், புரொடெக்டட் கிளாஸ்களை மட்டுமே ஆவணப்படுத்தும். கிளாஸ் முன்னால் 'பப்ளிக்' எழுத மறந்த மாணவருக்கு ஆவணப்படுத்த எதுவும் இல்லை என்ற பிழைதான் வரும். '-பிரைவேட்' என்று சேர்த்து ஓட்டினால் எல்லாம் வரும். ஜாவா 8 முதல் கமெண்டுக்குள் இருக்கும் ஹெச்.டி.எம்.எல்.-ஐயும் அது சோதிக்கிறது. 'மதிப்பெண் < 50 என்றால் தோல்வி' என்று சாதாரணமாக எழுதினால் அந்தக் குறியை உடைந்த டேக் என்று எண்ணிப் பிழை காட்டும். '50-க்குக் குறைவாக இருந்தால்' என்று சொல்லாகவே எழுதிவிடலாம்; படிக்கவும் அதுதான் எளிது.

பைத்தான் ப்ராஜெக்டுகளில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் ஆபத்தானது. ஸ்பிங்ஸில் விளக்கங்களை எடுக்கும் பகுதியான ஆட்டோடாக், நிரலை வெறும் எழுத்தாகப் படிப்பதில்லை; அதை இம்போர்ட் செய்கிறது, அதாவது ஏற்றி ஓட்டுகிறது. ஃபங்ஷனுக்குள் இல்லாமல் வெளியே கிடக்கும் ஒவ்வொரு வரியும் அப்போது ஓடும். டேட்டாபேஸ் டேபிளை அழித்துப் புதிதாக உருவாக்கும் வரி மேலேயே இருந்தால், ஆவணம் தயாரித்த ஒரே காரணத்துக்காகத் தரவு போய்விடும். அதனால் ஓட வேண்டிய வரிகளை எல்லாம் ஒரு 'மெயின்' ஃபங்ஷனுக்குள் வைத்து, கோப்பை நேரடியாக ஓட்டினால் மட்டும் அது அழைக்கப்படும்படி செய்யச் சொல்லுங்கள். ராஸ்பெர்ரி பை ப்ராஜெக்டில் இன்னொன்று: அந்தச் சிறு கணினியின் மின்முனைகளை (பின்) இயக்கும் லைப்ரரி லேப் கணினியில் இருக்காது, இம்போர்ட் தோற்கும், அந்தப் பக்கம் காலியாக வரும். ஆனாலும் கடைசியில் 'வெற்றி, சில எச்சரிக்கைகளுடன்' என்றுதான் ஸ்பிங்ஸ் சொல்லும். 'ஆட்டோடாக் மாக் இம்போர்ட்ஸ்' பட்டியலில் அந்த லைப்ரரியின் பெயரைச் சேர்த்தால் தீரும். எச்சரிக்கைகளைப் பிழையாகவே எண்ண வைக்க, ஆவணத்தை உருவாக்கும் பில்ட் கட்டளையில் பெரிய எழுத்து '-டபிள்யூ' சேர்க்க வேண்டும். இதைக் கட்டாயமாக்குங்கள்.

கருவி இவ்வளவுதான். கமெண்டில் என்ன எழுதுவது என்பதுதான் கற்பிக்க வேண்டிய பாடம், நாங்கள் அதிகம் கவலைப்படுவதும் அங்கேதான்.

மின் கட்டணம் கணக்கிடும் ஒரு சிறிய ஃபங்ஷனைப் பாருங்கள். பெயர் 'பில்தொகை', பாராமீட்டர் 'யூனிட்'. மாணவர் மேலே எழுதும் கமெண்ட்: 'யூனிட்டைப் பெற்று பில் தொகையைக் கணக்கிடும்.' இது ஃபங்ஷனின் பெயரையே நீட்டிச் சொல்வது. படிப்பவருக்குத் தேவையானது வேறு. அந்த யூனிட் ஒரு மாதத்துக்கா, இரண்டு மாதத்துக்கா? கடலூரில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தால் மாதம்தோறும். மாதக் கணக்குக்கான அடுக்கு விகிதத்தில் இரண்டு மாத யூனிட்டைப் போட்டால் நுகர்வோர் மேல் அடுக்குக்குப் போய்விடுவார், தொகை ஏறிவிடும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. காட்டவும் முடியாது, ஏனென்றால் அதற்கு யூனிட் என்பது வெறும் எண்.

அதே கமெண்ட் இப்படி இருக்கலாம்: 'ஒரு பில்லிங் காலத்தின் வீட்டு மின் கட்டணத்தைப் பைசாவில் தரும். @பாரம் யூனிட் இரண்டு மாத மொத்த நுகர்வு, முழு எண், 0 அல்லது அதற்கு மேல். மீட்டர் மாற்றிய காலத்துக்கு ஒரு மீட்டரின் நுகர்வை மட்டும் கொடுத்து இதை அழைக்கக் கூடாது. பழைய, புதிய மீட்டர் நுகர்வைக் கூட்டித் தர வேண்டும். @ரிட்டர்ன் நிலைக் கட்டணம் சேராத தொகை. @த்ரோஸ் (எக்ஸெப்ஷனின் பெயர்) யூனிட் 0-க்குக் கீழ் இருந்தால்.' அளவு, காலம், எல்லை, எப்போது அழைக்கக் கூடாது, தவறினால் என்ன நடக்கும். நிரலைப் பார்த்து ஊகிக்க முடியாதவை இவைதான். மதிப்பெண் இவற்றுக்குத்தான் போக வேண்டும்.

தமிழில் கமெண்ட் எழுதலாமா? தாராளமாக எழுதலாம், எழுத வேண்டும் என்பதே எங்கள் கருத்து. 'நிலைக் கட்டணம் சேராத தொகை' என்று தெளிவாகச் சிந்திக்கத் தெரிந்த மாணவர், ஆங்கிலத்தில் எழுதச் சொன்னதும் இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறார். டாக்ஸிஜன் இயல்பிலேயே தமிழையும் தாங்கும் யூ.டி.எஃப்-8 எழுத்துக் குறியீட்டை எதிர்பார்க்கிறது, சிக்கலில்லை. ஜாவாவில் மட்டும் ஜே.டி.கே. 18-க்கு முந்தைய பதிப்புகள் விண்டோஸின் சொந்த எழுத்துக் குறியீட்டை எடுத்துக்கொள்ளும், தமிழ் முழுவதும் கிறுக்கலாக வரும், '-என்கோடிங் யூ.டி.எஃப்-8' என்று சேர்த்தால் சரியாகிவிடும். பி.டி.எஃப். வேண்டுமென்றால் டாக்ஸிஜன் வழக்கமாகப் பயன்படுத்தும் பி.டி.எஃப்.லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் தமிழைக் கையாளாது. ஸீலேட்டெக்குக்கு மாற்றி ஒரு தமிழ் எழுத்துருவையும் அமைக்க வேண்டும். அந்தப் பாடு படுவதைவிட ஹெச்.டி.எம்.எல்.-ஐயே ஏற்றுக்கொள்வது நல்லது.

தமிழில் எழுதும்போது வரும் ஒரு நுட்பமான தொல்லை உண்டு. ஜாவாடாக் கமெண்டின் முதல் வாக்கியத்தை எடுத்துச் சுருக்கப் பட்டியலில் போடும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? புள்ளியும் அடுத்து ஓர் இடைவெளியும் வந்தால் முடிந்தது. 'ரூ. 500-க்கு மேற்பட்ட பில்களைத் தரும்' என்று எழுதினால் சுருக்கத்தில் 'ரூ.' மட்டும் நிற்கும். 'திரு.', 'கி.மீ.' எல்லாமே இப்படித்தான் வெட்டுப்படும். 'ரூபாய்' என்று விரித்து எழுதச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் மிகக் கவனம் தேவை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஒரு மாறியில் நேரடியாக எழுதிவைத்து அதற்குக் கமெண்டும் எழுதினால், டாக்ஸிஜன் அந்த மாறியின் மதிப்பையும் சேர்த்தே ஆவணத்தில் காட்டும். ஆவணத்தை இணையத்தில் ஏற்றினால் பாஸ்வேர்டும் ஏறும்.

கமெண்ட் நிரலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பழசாகாது என்று சொல்ல முடியாது. பாராமீட்டரின் பெயரை மாற்றிவிட்டுக் கமெண்டை மாற்றாமல் விட்டால் டாக்ஸிஜன் எச்சரிக்கும். ஆனால் மாதக் கணக்கை இரண்டு மாதமாக மாற்றிவிட்டுக் கமெண்டை விட்டால் எந்தக் கருவிக்கும் தெரியாது. பைத்தானில் டாக்டெஸ்ட் ஓரளவு உதவும்: ஃபங்ஷனின் தொடக்கத்தில் மேற்கோள்களுக்குள் எழுதும் விளக்கத்தில் (டாக்ஸ்ட்ரிங்) உள்ள எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்த்து, விடை மாறியிருந்தால் சொல்லும். மீதியை மனிதர்தான் படிக்க வேண்டும். அதனால் வைவாவில் ஆவணத்தில் ஏதாவது ஒரு ஃபங்ஷனைத் திறந்து, கமெண்டை மட்டும் படித்து, அதன்படி ஒரு மதிப்பைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். கமெண்டை எழுதியவர் யார், நகலெடுத்தவர் யார் என்பது அதிலேயே தெரியும்.

ப்ராஜெக்ட் எதற்கு, எப்படி நிறுவுவது, ஏன் இந்த வடிவமைப்பு என்பதையெல்லாம் கருவி எழுதித் தராது. அவை ரிப்போர்ட்டின் மற்ற அதிகாரங்களில் மாணவர் கையால் எழுத வேண்டியவை; அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை.

வரும் கல்வியாண்டில் முதல் ரிவ்யூவுக்கு அமைப்புக் கோப்பும் ஓடும் பில்டும், இரண்டாவதற்கு முக்கியமான மாட்யூலில் எச்சரிக்கையே இல்லாத ஆவணமும், இறுதிக்கு முழு ஆவணமும் என்று பிரித்துக் கேளுங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாகக் கேட்டால் மாணவர்கள் கமெண்டையும் மொத்தமாகவே நிரப்புவார்கள். ப்ராஜெக்ட் அறிவுறுத்தல் தாள் அச்சுக்குப் போகும் முன் 'சோர்ஸ் கோட் பின்னிணைப்பு' என்ற வரியை அடித்துவிட்டு இதைச் சேர்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலும் கடலூரிலும் மென்பொருள் எழுதும் பணியில் உள்ளவர்கள்