ஆறாம் நம்பர் மலைக் கட்டை

தலவாக்கலை
தை 20

அன்புள்ள குருவிக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கு நான் பதில் போடவே இல்லை. கோபமாக இருப்பாய், உனக்கு அதற்கு உரிமை உண்டு. ஆனால் சொல்ல வேண்டியதை போனில் சொல்ல மனம் வரவில்லை. நீ ஸ்பீக்கரில் போடுவாய், உன் அம்மா, அத்தை, பக்கத்தில் இருப்பார். அதனால்தான் கடிதம். தனியாக இருக்கும்போது படி.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் சோதனை எழுதி முடித்துவிட்டான். நம் வாத்தியார் சோடாபுட்டி சேர் இன்னும் அதே குடையோடுதான் நடக்கிறார். கொழும்பு வெள்ளவத்தைக் கடல் காற்றில் நீ கறுத்துவிட்டாயா என்று கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் தோட்டத்து ஆறாம் நம்பர் மலைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டார்கள். முழுவதும்தான். பழைய விதைத் தேயிலை, கொழுந்து காணாது, புதுக் கன்று நடப்போகிறோம் என்று ஆவணியில் ஆரம்பித்தார்கள். இன்றுவரை அங்கே புல்தான் நிற்கிறது. கட்டைகளை விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னதும் லயத்து வரிசை வீடுகளே சாக்கோடு கிளம்பின. நானும் போனேன். பெரிய கல்லுக்குக் கீழ் நிரையில் உங்கள் அம்மாவும் எங்கள் அம்மாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்களே, நாம் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுப்போமே, அந்த இடத்தில் ஒரு கட்டை வேரோடு சாய்ந்து கிடந்தது. அதை அடுப்பில் வைக்க என்னால் முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

தேயிலைக் கட்டையை இத்தனை கிட்டத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. மூடிய கை மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கிறது. மேலே எல்லாம் கவ்வாத்து வெட்டு, செடி தழைக்கக் கிளையை வெட்டிவிடுவார்களே, அந்த வெட்டு. ஒவ்வொரு வெட்டைச் சுற்றியும் பட்டை உதடு மாதிரி மடிந்து ஆறியிருக்கிறது. அந்த ஆறிய இடத்துக்கு மேலேயே அடுத்த வெட்டு. பதினேழு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணவில்லை.

வீட்டுக் கதையும் உனக்கு முழுதாகத் தெரியாது. 7 பேர்ச் காணியில் வீடு கட்டி முடித்து இந்தத் தையில்தான் பால் காய்ச்சினோம். முதல் வேலையாக ஒரு மேசை வாங்கினேன், ஆறு பேர் உட்காரலாம். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் மேசை போட ஏது இடம்? தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாம். மேசை நடுவில் பிளாஸ்டிக் ரோஜா வைக்கலாம் என்றாள் மூத்தவள். நான் அந்தக் கட்டைதான் என்று சொல்லிவிட்டேன்.

கட்டையை முன்பே கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, மூன்று மாதம் அடுப்புக்கு மேலே பரணில் போட்டேன். புகையில் பூச்சியெல்லாம் போய்விட்டது. தம்பி அடிப்பக்கத்தை மட்டமாக அறுத்து, மேலே உளியால் ஏழு குழி எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஓட்டை. குழியில் நான் வைத்திருக்கிற செடிகளுக்குத் தண்ணீர் தேங்கினால் போச்சு. சக்குலன்ட் என்கிறார்களே, தடித்த இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி. நம் ஊரில் வைகாசியில் பிடிக்கிற மழைக்கு அது தாங்காது. போன ஆனியில் ஒன்பது சட்டி அழுகிப்போயின. பண்டாரவளை அக்கா வீட்டில் மட்டும் காய்கறி மாதிரி கொழுத்துக் கிடந்தது. அங்கே அந்த மாதங்களில் வெயில். பிறகு அக்காவிடமிருந்து செடி நாலைந்தும் இலைகள் கொஞ்சமும் வாங்கி வந்து, இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், தகரத்துக்குக் கீழே வைத்து வளர்த்தேன். மண் ஒரு பங்கு என்றால் ஆற்று மணலும் செங்கல் பொடியும் இரண்டு பங்கு, மேலே கொஞ்சம் அடுப்புக்கரி.

இலையிலிருந்து செடி வருவதை நீ பார்க்க வேண்டும். ரணகள்ளி இலையைச் சமயப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, குட்டி போட்டதா என்று பாடத்துக்குப் பாடம் திறந்து பார்த்து நீ முழங்காலில் நின்றாயே, அதே அதிசயம்தான். ரணகள்ளிக்கு இலை ஓரத்தில் குட்டி வரும். இதற்குக் காம்பு அடியில். இலையைக் கிள்ளக் கூடாது, அடியோடு திருகி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டால் திருகிய வாய் காயும். பிறகு மணல் மேல் சும்மா வைத்தால் போதும். சில வாரத்தில் இளஞ்சிவப்பில் மயிர் மாதிரி வேர், அதற்குப் பிறகு பூ மாதிரி கடுகளவு ஒரு குட்டிச் செடி. குட்டி வளர வளரத் தாய் இலை வற்றிச் சுருங்கும். அது தானாக உதிரும்வரை பிய்க்காதே.

இப்போது குளிரில் இலை ஓரமெல்லாம் சிவந்து கிடக்கிறது. நடுவில் அடுக்குத் தாமரை மாதிரி எச்செவேரியா, ஓரத்தில் கழுதைவால் செடி தொங்குகிறது. மேசைக்கு வைப்பது உயரமாக இருக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் முகம் தெரிய வேண்டும். நம் கட்டை ஒரு சாண்தான்.

மெழுகுதிரி மூன்று. அதில்தான் ஒரு தப்புச் செய்தேன். முதல் நாள் திரியைச் செடிக்கு மிகவும் கிட்டத்தில் வைத்துவிட்டேன், எச்செவேரியாவின் மூன்று இலை வெந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மனசே கேட்கவில்லை. இப்போது பால்மா டின் மூடியில் மணல் போட்டு, அதில் திரியை நிறுத்தி, சுற்றிலும் ஜாம் போத்தல் வைத்திருக்கிறேன். மரத்தில் நேராகத் திரி வைக்கவே கூடாது, ஆள் இல்லாதபோது எரியவும் விடக் கூடாது.

நமக்கு மெழுகுதிரி என்றாலே கரண்ட் போன இரவுதான். 2022இல் ஒரு நாள் 13 மணி நேரம் இருட்டில் இருந்தோமே. அதற்கு முன்னே குப்பி லாம்பு, மூக்கெல்லாம் கரி. பால் காய்ச்சிய அன்று இரவு கரண்ட் இருந்தது. நானே லைட்டை அணைத்துவிட்டு மூன்று திரியையும் ஏற்றினேன். யாரும் பேசவில்லை. அம்மா மெல்ல எழுந்து வந்து, கட்டையில் விரலை வைத்து ஒவ்வொரு வெட்டாகத் தடவினார். "இது ஆறாம் நம்பர்தானே?" என்றார். நான் சொல்லவே இல்லை, குருவி. வெட்டைத் தடவியே கண்டுபிடித்துவிட்டார். பிறகு உன் அம்மா பெயரைச் சொல்லி, "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அதுதான் எனக்கு இரவெல்லாம் நெஞ்சில் கிடக்கிறது. அத்தை ஒவ்வொரு முறையும் அந்த மலையைத்தானே கேட்கிறார், கொழுந்து நன்றாக வருதா, கல்லடியில் தண்ணீர் ஓடுதா என்று. போன தீபாவளிக்குக் கேட்டபோது, "வருது அத்தை" என்று பொய் சொல்லிவிட்டேன். அப்போது அங்கே பாதிச் செடி இல்லை. அடுத்த முறை என்னால் முடியாது. நீயே நேரம் பார்த்துச் சொல். உடம்பு நன்றாக இருக்கிற நாளில், காலையில் சொல். இரவில் சொல்லாதே, தூங்கமாட்டார்.

இந்தக் கடிதத்தோடு காகிதத்தில் சுற்றி நாலு இலை வைத்திருக்கிறேன். தபாலில் மூன்று நாள் ஆனாலும் வாடாது, வாய் காய்ந்து வந்து சேரும். வந்தவுடன் மணலில் வை, வேர் வரும்வரை தண்ணீரைக் கொட்டாதே. தம்பி குழி எடுத்தபோது தெறித்த ஒரு துண்டும் பத்திரமாக இருக்கிறது, வெட்டு ஆறிய இடத்தோடு. மாசியில் அண்ணன் கொழும்புக்கு வரும்போது கொடுத்து விடுகிறேன். அதை அத்தை கையில் எப்போது கொடுப்பது என்று நீ பார்த்துக்கொள்.

உன்
வாலு