பெயரைத் தட்டச்சு செய்யும் தம்பி தங்கைகளுக்கு

சென்னையில் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து அமெரிக்க வங்கிகளுக்காக யூசிசி ஃபைலிங், அதாவது ஈட்டுக் கடன்களை அங்குள்ள பதிவகத்தில் பதியும் வேலை, செய்யும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களுடைய டீம் லீடர்களுக்கும்,

வணக்கம். 11 வருடம் நானும் இதே வேலையைப் பார்த்தவள். விடியற்காலை நாலு மணிக்குக் கண் எரிய எரிய ஒரு கம்பெனியின் பெயரை இன்னொரு திரையில் இருந்து பார்த்துத் தட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியில் எவ்வளவு பணம் தொங்குகிறது என்பதை வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஒருவர் இயந்திரத்தையோ கடைச் சரக்கையோ ஈடாக வைத்துக் கடன் வாங்கினால், கடன் கொடுத்தவர் பெரும்பாலும் மாநிலப் பதிவகத்தில் யூசிசி-1 என்ற படிவத்தைப் பதிகிறார். ‘இந்தச் சொத்தின் மேல் எனக்கு உரிமை இருக்கிறது’ என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைக்கும் அறிவிப்பு அது. கடன் வாங்கியவர் பெயர், கொடுத்தவர் பெயர், எது ஈடு என்ற மூன்றும் அதில் இருந்தாக வேண்டும். இது பிசகினால், கடனாளி திவாலாகும் நாளில் அந்த வங்கி ஈடே இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நிற்கும்.

மூன்றிலும் ஆபத்தானது கடன் வாங்கியவரின் பெயர்தான். பதிவகத்தில் தேடுகிறவர்கள் கடனாளியின் பெயரை வைத்துத்தான் தேடுகிறார்கள். சரியான பெயரைப் போட்டு, அந்தப் பதிவகத்தின் வழக்கமான தேடல் முறையில் தேடும்போது உங்கள் பதிவு வந்து நின்றால் சின்னப் பிழை மன்னிக்கப்படும். வராவிட்டால் அந்தப் பதிவு செல்லாது.

இதை மற்றவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம், நமக்குப் புரியவைக்கவே வேண்டாம். ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் வேறு எழுத்து, இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் என்று அலைந்தவர்கள் நாம். ஒரே ஆள்தான் என்று தாசில்தார் ஆபீஸில் போய் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறோம். அமெரிக்கப் பதிவகத்தில் அப்படிப் போய் நின்று சொல்லவும் ஆள் கிடையாது.

ஃபுளோரிடா வழக்கைப் பாருங்கள். ‘1944 பீச் புல்வார்டு எல்எல்சி’ என்ற நிறுவனத்துக்கு ஒரு வங்கி 30 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. ஃபைலிங்கில் ‘புல்வார்டு’ என்ற சொல்லை முழுதாக எழுதாமல், தெருப் பலகையில் போடுவது போல ‘Blvd.’ என்று சுருக்கி நாலெழுத்தும் ஒரு புள்ளியும் வைத்துவிட்டார்கள். நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனதும், ‘பதிவில் இருப்பது எங்கள் பெயரே இல்லை’ என்றது. 2022 ஆகஸ்டில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம்தான் நின்றது. அந்த மாநிலப் பதிவகத்தில் சட்டம் சொல்கிற வழக்கமான தேடல் முறையே இல்லை, அதனால் அங்கே எந்தப் பெயர்ப் பிழைக்கும் மன்னிப்பில்லை என்றது தீர்ப்பு. முகவரி எழுதும்போது நம் கை தானாகவே சுருக்கும் ஒரு சொல்தான் அது.

ஆகவே கடன் விண்ணப்பத்தைப் பார்த்துத் தட்டாதீர்கள். லெட்டர்ஹெட்டையும் நம்பாதீர்கள். நிறுவனம் என்றால், அது தொடங்கும்போது தன் மாநிலத்தில் பதிந்த மூல ஆவணத்தில் உள்ள பெயர்தான் பெயர். பின்னால் பெயர் மாற்றியிருந்தால் அதற்கான திருத்தத்தையும் பாருங்கள். பதிவக இணையதளத்தின் தேடல் பட்டியலில் வருவது அலுவலகத்தில் யாரோ தட்டியது, அதிலும் பிழை இருக்கலாம். அந்த ஆவணத்தின் ஸ்கேன் பக்கத்தையே திறந்து, கமா, புள்ளி உட்பட அப்படியே எடுங்கள். கடைப் பெயரையும் சேர்த்துப் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து அதே கட்டத்தில் ஒட்ட வைக்காதீர்கள். அப்படிச் சேர்த்ததாலேயே ஈட்டை இழந்த வங்கி உண்டு.

தனி மனிதர் என்றால், 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயர். அதற்கு முன்பே, 2004-ல், கான்சாஸ் விவசாயி ஒருவரை எல்லோரும் கூப்பிடும் சுருக்கப் பெயரில் பதிந்ததால், விவசாய இயந்திரங்களுக்குக் கடன் கொடுத்த கம்பெனி வழக்கில் தோற்றது. நம் ஆட்கள் பெயர் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சிலருக்கு அங்கே உரிமத்தில் முதல் பெயர் தெரியாது என்ற பொருளில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகி வரும். ‘இது பெயர் இல்லையே, எனக்குத் தெரியாதா’ என்று நீங்களாக எடுத்துவிடாதீர்கள். உரிமத்தில் இருப்பதைக் குறித்துக்கொண்டு வங்கியின் வக்கீலிடம் கேட்டு அனுப்புங்கள்.

அடுத்தது தேதி. சாதாரணமாக ஒரு பதிவுக்கு ஆயுள் 5 வருடம். அது முடிவதற்கு முந்தைய 6 மாதத்துக்குள்தான் நீட்டிப்பைப் பதிய வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் போச்சு, முந்தினாலும் செல்லாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு எக்செல் ஷீட்டில் ஃபைலிங் தேதிக்குப் பதிலாகக் கடன் ஒப்பந்தத் தேதி ஏறியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஐந்து வாரம். நீட்டிப்பை முன்கூட்டியே அனுப்பிவிட்டோம். பதிவகம் அதைத் திருப்பி அனுப்பியதால் தப்பித்தோம். அன்று வீட்டுக்குப் போகும் கேபில் எனக்குக் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடன் அடைந்ததும் பழைய பதிவை முடித்து வைக்கும் யூசிசி-3 படிவம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2008 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 30 கோடி டாலர் கடன் ஒன்றை அடைத்தது. அதற்காகத் தயாரித்த மூன்று படிவங்களில் ஒன்றில் இருந்த ஃபைல் நம்பர், அதற்குச் சம்பந்தமே இல்லாத 150 கோடி டாலர் கடனுடையது. கடன் கொடுத்த பக்கத்தில் இருந்த ஜேபி மார்கன் வங்கியும் பார்த்தது, இரண்டு பக்க வக்கீல்களும் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அடுத்த ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. தவறுதலாகத்தான் பதிந்தோம் என்று வங்கி சொன்னதை நீதிமன்றம் நம்பியது. ஆனாலும் அந்தப் படிவத்தைப் பதியச் சம்மதம் கொடுத்தது வங்கிதான், அதனால் அது செல்லும், அந்தப் பெரிய கடனின் பதிவு முடிந்தது முடிந்ததுதான் என்று 2015 ஜனவரியில் தீர்ப்பானது.

இனி டீம் லீடர்களுக்கு. இந்தப் பிள்ளைகள் கவனக்குறைவானவர்கள் இல்லை. மணிக்கு இத்தனை என்று டார்கெட் வைத்துவிட்டு, மூல ஆவணத்தைத் திறந்து பார்க்கவில்லையே என்று அவர்களைக் கேட்பது நியாயமே இல்லை. ஆவணம் திறக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். முடித்து வைக்கும் படிவத்தில் உள்ள ஒவ்வொரு ஃபைல் நம்பரையும் வேறொருவர் பழைய பதிவைத் திறந்து, எந்தக் கடனுடையது என்று படித்துப் பார்க்கட்டும். எண் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, ஜெனரல் மோட்டார்ஸ் விஷயத்தில் எண்ணில் எழுத்துப்பிழை இல்லை. பதிவு ஏறியதும் சரியான பெயரைப் போட்டுப் பதிவகத்தில் ஒருமுறை தேடச் சொல்லுங்கள், வந்த பக்கத்தை ஃபைலில் சேர்த்து வையுங்கள். சந்தேகம் என்று ஒரு ஃபைலை நிறுத்தி வைத்த பெண்ணுக்கு அன்றைய கணக்கில் மார்க் குறைக்காதீர்கள்.

தம்பி தங்கைகளே, இன்று இரவு முதல் ஃபைலைத் திறக்கும்போது மூல ஆவணம் இணைப்பில் இல்லை என்றால், தட்டுவதற்கு முன்னால் கேட்டு ஒரு மெயில் போடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா