ஒரு 'என்று' காணாமல் போன இரவு: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். எல்லையில் துப்பாக்கி வெடிக்கும் இரவுகளில் செய்தி மேசை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கிவிடும். ராணுவத்தின் அறிக்கை மட்டும் கையில் இருக்கும். சரிபார்க்க வழியிருக்காது. அப்படியோர் இரவில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எதிரியின் நிலைகள் அழிக்கப்பட்டதாக ராணுவம் கூறுகிறது என்று ஏஜென்சி செய்தி தெளிவாகவே சொன்னது. நானும் 'அழிக்கப்பட்டன என்று ராணுவம் தெரிவித்தது' என எழுதினேன். தலைப்பில் இடம் போதவில்லை. 'என்று ராணுவம் தெரிவித்தது' போயிற்று. 'எதிரி நிலைகள் தவிடுபொடி' நின்றது. யாரும் தொலைபேசியில் மிரட்டவில்லை. எந்த அதிகாரியும் வரவில்லை. நானே செய்தேன், பெருமிதத்தோடு செய்தேன். அந்தத் தகவல் மிகையானது என்று சில நாட்களில் தெரிந்தது. 'இந்த நேரத்தில் திருத்தம் எதற்கு?' என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான்.

பல மாதங்கள் கழித்து, விடுப்பில் வந்திருந்த படைவீரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்தை என் மேசைமேல் விரித்தார். அன்றைக்கு அங்கே தன் தோழன் செத்துப்போனான் என்றும், அவன் பெயர் இதில் எங்கும் இல்லை என்றும் சொன்னார். குரல் உயரவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சுயதணிக்கை என்று பெரிதாகப் பேசுகிறோம். மேசையில் அது இவ்வளவு சிறியதாகத்தான் இருக்கிறது.

நியூயார்க் டைம்ஸில் 1961 ஏப்ரலில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். கியூபாமீது படையெடுக்க, நாட்டைவிட்டு வெளியேறிய கியூபர்களுக்கு அமெரிக்கா பயிற்சி தருவதை டாட் ஷுல்க் என்ற செய்தியாளர் கண்டுபிடித்து எழுதினார். முதல் பக்கத்தில் நான்கு பத்தி (காலம்) அகலத்துக்குத் திட்டமிட்டிருந்த செய்தி, ஏப்ரல் 7 அன்று ஒற்றைப் பத்தித் தலைப்போடு வந்தது. படையெடுப்பு நெருங்கிவிட்டது என்ற குறிப்பும், அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் பெயரும் அதில் இல்லை. பத்தே நாளில் சுமார் 1,400 பேர் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினார்கள். மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறத்தாழ 1,200 பேர் சிறைப்பட்டார்கள். அந்த மாத இறுதியில் பத்திரிகை அதிபர்களிடம் பேசிய அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, ஒரு தகவல் செய்தியா என்று மட்டும் பார்க்காமல் அது தேசப் பாதுகாப்புக்கு உகந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவரே பின்னர், நீங்கள் இன்னும் அதிகமாக வெளியிட்டிருந்தால் எங்களைப் பெரும் பிழையிலிருந்து காப்பாற்றியிருப்பீர்கள் என்று தன்னிடம் கூறியதாக, அப்போது அந்த நாளிதழின் நிர்வாக ஆசிரியராக இருந்த டர்னர் கேட்லெட்ஜ் பதிவுசெய்திருக்கிறார்.

எதையும் மறைக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 2008 நவம்பரில் மும்பையில் பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. எல்லைக்கு அப்பால் இருந்தபடி தாக்குதலை இயக்கியவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து உத்தரவிட்டார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த நேரலையில் ஒரு படைவீரரின் உயிரைவிடப் பெரிய உண்மை எதுவும் இல்லை. படை எங்கே நிற்கிறது, எப்போது நகரும், எதிரியின் எந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கிறோம் என்பவை ரகசியங்கள். அவற்றைக் காக்கத்தான் வேண்டும்.

தோல்வி ரகசியமா? தரமற்ற தளவாடம் ரகசியமா? 1962 போரில் இந்திய ராணுவம் தோற்றது ஏன் என்று ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963இல் தரப்பட்டது. அதை அரசு இன்றுவரை முறையாக வெளியிடவில்லை. நம் படை எங்கே உடைந்தது, எப்படிப் பின்வாங்கியது என்பதைச் சீனா அன்றைக்கே நேரில் பார்த்துவிட்டது. தெரியாமல் இருப்பது நமக்குத்தான். கார்கில் போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையோ, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதனால் நாடு ஒன்றும் பலவீனமாகிவிடவில்லை.

'பாதுகாப்புக்கு ஆபத்து' என்று அரசு சொல்லும்போது உடனே நம்பிவிடுகிறீர்களே, அதற்கும் ஒரு சாட்சி சொல்கிறேன். வியட்நாம் போர் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தயாரித்த ரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்களை நாளிதழ்கள் வெளியிடக் கூடாது என்று 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடியவர் எர்வின் கிரிஸ்வோல்ட். 6க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவரே வாஷிங்டன் போஸ்டில் எழுதினார்: அந்த வெளியீட்டால் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து வந்ததற்கான சுவடு எதையும் தான் காணவில்லை என்று. அதிகாரிகளின் அக்கறை பெரும்பாலும் பாதுகாப்பு பற்றியது அல்ல, ஏதோ ஒரு வகைச் சங்கடம் பற்றியதே என்றும் சொன்னார்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ராணுவம் சொன்னதை ராணுவம் சொன்னதாகவே எழுதுங்கள். தலைப்பில் இடமில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டு வையுங்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி ஒரு செய்தியையோ ஒரு வரியையோ நிறுத்தினால் அதில் எழுதுங்கள்: என்ன தேதி, யார் கேட்டார், என்ன காரணம் சொன்னார், மறுபடி எப்போது எடுத்துப் பார்ப்பது. யாருமே கேட்காமல் நாமே நிறுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். அமெரிக்காவில் நீதிமன்ற அனுமதியின்றி நடந்த ஒட்டுக்கேட்பு பற்றிய செய்தியை நியூயார்க் டைம்ஸ் ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்திருந்து 2005 டிசம்பரில் வெளியிட்டது. தாமதம் தவறுதான், ஆனால் அது தொலைந்துபோகவில்லை. எங்கள் மேசையில் அப்படியொரு நோட்டு இருந்திருந்தால், யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். அந்தப் படைவீரரின் தோழனுடைய பெயர் பிந்தியாவது அச்சில் வந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் ஒருவர்