பெய்ஜிங்கிலிருந்து ஒரு கடிதம், உள்ளே ஒரு டிக்கெட்

பெய்ஜிங்
ஞாயிறு இரவு

அன்புள்ள சுந்தரம்,

நீ எழுதிய நான்கு பக்கத்தையும் மகன் தன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். பொன்மலை ரயில் பணிமனையில் பெட்டி எண் எழுதிய அதே சாய்ந்த கையெழுத்து. தங்கை லலிதாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. மாடிப்படி மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

நீ கேட்ட பெய்ஜிங் சுரங்க ரயிலின் காகித டிக்கெட் விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். சீனாவில் ஊர் ஊராகச் சுரங்க ரயில் போடுவதைப் பற்றி, "இவர்களுக்கு மட்டும் எப்படி இத்தனை வேகம்?" என்று கேட்டிருக்கிறாயே, முதலில் அதற்கு வருகிறேன். கல்கத்தாவில் மெட்ரோவுக்காகச் சௌரங்கி சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததை நேரில் பார்த்தவன் நீ, கேட்கத்தான் செய்வாய். ஆனால் முதல் முப்பது ஆண்டுகள் இவர்களும் ஆமைதான். பெய்ஜிங்கில் 1965 ஜூலையில் மண்வெட்டி விழுந்தது. 1969 அக்டோபரில் சோதனை ரயில் ஓடியது. பொதுமக்கள் ஏறியது 1971 ஜனவரியில். அதுவும் வேலை பார்க்கும் இடத்திலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கி வந்தால்தான் டிக்கெட். முறைப்படி திறந்துவிட்டது 1981இல். இரண்டாவது நகரமான தியான்ஜினில் ரயில் ஓடத் தொடங்கியது 1984இல். உன் கல்கத்தாவும் அதே ஆண்டுதான்!

ஏன் அத்தனை தாமதம் என்றால், அதைப் பயணிகளுக்காக மட்டும் கட்டவில்லை. குண்டு விழுந்தால் ஒதுங்கும் பதுங்குகுழியாகவும் படைகளை நகர்த்தும் வழியாகவும் இருக்க வேண்டும் என்றுதான் திட்டமிட்டார்கள். முதல் பாதையின் மேற்குக் கோடியில் பிங்குவோயுவான் என்று ஒரு நிலையம். ஆப்பிள் தோட்டம் என்று பொருள். அதன் நிலைய எண் 103. அப்படியானால் 101, 102 எங்கே? இன்னும் மேற்கே, மலைப்பக்கத்தில் இருந்தன. வெகுகாலம் பயணிகளின் வரைபடத்தில் அவை இல்லை. எண்களில் ஓட்டை விழுந்தால் உனக்குத் தூக்கம் வராது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் என்னை அதிகம் அலைக்கழித்தது இரண்டாம் எண் பாதை. 23 கிலோமீட்டர் வட்டம். அதில் சிஜிமென், ஃபூசெங்மென், சாவ்யாங்மென் என்று வரிசையாக நிலையங்கள். "மென்" என்றால் வாசல். மேலே ஏறி வந்து வாசலைத் தேடினேன். மேம்பாலமும் வங்கிக் கட்டடமும் நிற்கின்றன, வாசலைக் காணோம். மகனிடம் கேட்டபோதுதான் விளங்கியது. மிங் அரச வம்சக் காலத்துக் கோட்டை மதில் நின்ற தடத்திலேயே பள்ளம் தோண்டி, பாதை போட்டு, மூடியிருக்கிறார்கள். மதிலை இடித்தால் வீடுகளை இடிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் கணக்கு. லியாங் சுசெங் என்ற கட்டடக் கலைஞர், மதிலை இடிக்காதீர்கள், அதன் மேல் மரம் வைத்து மக்கள் உலாவும் பூங்காவாக்குங்கள் என்று 1950களிலேயே மன்றாடியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. 1969இல் சிஜிமென் வாசலை உடைத்தபோது, அதன் வயிற்றுக்குள் அதைவிடப் பழைய யுவான் அரச வம்சக் காலத்து வாசல் ஒன்று முழுதாக வெளிப்பட்டது. அதையும் சேர்த்தே இடித்தார்கள். அந்த நிலையத்தில் நான்கு முறை இறங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் என்னவோ செய்கிறது.

இதற்கு நேர்மாறு சியான் நகரம். சென்ற மாதம் போய்வந்தோம். அங்கே 2011இல்தான் சுரங்க ரயில் வந்தது. நகரின் நட்டநடுவே பழைய மணிக்கூண்டுக் கோபுரம் நிற்கிறது. சுரங்கத்தின் இரண்டு குழாய்களும் அதன் அடியில் போகாமல், ஆற்றில் பாறையைக் கண்ட தண்ணீர் போல இருபுறமும் விலகிப் போகின்றன. தோண்டுகிற இடமெல்லாம் கல்லறை தட்டுப்படும் ஊர் என்பதால் தொல்லியல்காரர்கள் முன்னே, எந்திரம் பின்னே. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனியாக ஒரு சின்னப் படம் வரைந்திருக்கிறார்கள். எழுத்து தெரியாத எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வேகம் எப்போது பிடித்தது என்றால், ஒருமுறை நின்ற பிறகுதான். ஷாங்காய் 1993, குவாங்சோ 1997 என்று தொடங்கியபோது பெட்டிகளை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார்கள். செலவைப் பார்த்து மத்திய அரசு 1995இல் புதிய திட்டங்களுக்கு அனுமதியையே நிறுத்திவிட்டது. மறுபடி கதவைத் திறந்தபோது ஒரு நிபந்தனை: பெட்டிகளிலும் கருவிகளிலும் 70 விழுக்காடாவது உள்நாட்டில் செய்தாக வேண்டும். பணிமனைக்காரர்களான நமக்கு இதன் பொருள் சொல்லித் தர வேண்டுமா? 2000இல் பெருநிலச் சீனத்தில் நான்கே நகரங்களில் சுரங்க ரயில் இருந்தது. இன்று 40க்கும் மேல். பெய்ஜிங், ஷாங்காய் இரண்டும் தனித்தனியே 800 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. செங்டுவில் 2020 டிசம்பரில் ஒரே நாளில் ஐந்து புதிய பாதைகளைத் திறந்தார்கள். ஷாங்காயின் சேற்று மண்ணில் தோண்டிப் பழகிய கை நம் ஊருக்கும் வந்திருக்கிறது. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் அண்ணா நகர்ப் பக்கச் சுரங்கத்தைக் கட்டிய கூட்டு நிறுவனத்தில் ஷாங்காய் நிறுவனமும் ஒரு பங்காளி.

சோங்சிங் நகரைப் பார்க்காமல் திரும்பியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். மலைமேல் மலையாக அடுக்கிய ஊர். அங்கே ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தைக் கவ்விக்கொண்டு ரப்பர் சக்கரத்தில் ஓடும் ரயில் இருக்கிறது. செங்குத்து ஏற்றத்துக்கும் இறுக்கமான வளைவுக்கும் அதுதான் தோதாம். லிசிபா நிலையத்தில் அது 19 மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது. வீட்டைத் துளைத்துப் பாதை போட்டார்கள் என்று எல்லோரும் படமெடுக்கிறார்கள். உண்மையில் கட்டடமும் நிலையமும் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டியவை. அதே ஊரில் ஹாங்யான்சுன் நிலையம் 116 மீட்டர் ஆழம். நகரும் படி முடிகிறது என்று பார்த்தால் அடுத்தது தொடங்குகிறது. பாதிவழியில் மருமகளிடம் மிக்சர் கேட்டு வாங்கித் தின்றேன்.

அங்கேதான் சாவ்ஜியாவான் நிலையமும். 2015இல் திறந்தபோது சுற்றிலும் ஆளுயரப் புல், வாசலுக்குச் சாலைகூட இல்லை. ஊரே சிரித்தது. சில ஆண்டுகளில் சாலை வந்தது, குடியிருப்பும் வந்தது. ஊர் வந்த பிறகு நிலையம் என்பது நம் கணக்கு. இங்கே நிலையம் முன்னே. நிலம் அரசுடையது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சாவ்ஜியாவானை முன்கூட்டியே கட்ட முடிந்ததற்கும் சிஜிமென்னை இடிக்க முடிந்ததற்கும் காரணம் ஒன்றுதான், சுந்தரம். அதனால் முழுதாகப் பாராட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த வேகத்தில் நகரங்களுக்குக் கடனும் ஏறியிருக்கிறது. 2017இல் பாவ்தோ என்ற நகரில் மெட்ரோ வேலை தொடங்கிய சில மாதங்களில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டு விதியை இறுக்கினார்கள்: ஆண்டுக்கு 30,000 கோடி யுவான் மொத்த உற்பத்தி இல்லாத நகரம் மெட்ரோ கேட்கவே கூடாது. முன்பு 10,000 கோடி போதும்.

ஜெங்ஜோ நகரில் நடந்ததை எழுதாமல் விட மனமில்லை. 2021 ஜூலை 20, மாலையில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை. ஐந்தாம் எண் பாதையில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 14 பேர் இறந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து, வானம் கறுத்தால் பஸ்ஸில்தான் போகிறேன். மகன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

இனி உன் டிக்கெட். இப்போது போனைக் காட்டினால் கதவு திறக்கிறது. பணம் கொடுத்து அட்டை வாங்கினாலும் வெளியேறும்போது எந்திரம் அதை விழுங்கிக்கொள்கிறது. காகித டிக்கெட் 2008 ஒலிம்பிக்குக்கு முன்பே நின்றுபோனது. உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பான்ஜியாயுவான் பழம்பொருள் சந்தையில் மூன்று சனிக்கிழமை அலைந்தேன். தபால்தலை விற்கும் கிழவர் ஒருவர் புத்தகத்துக்குள்ளிருந்து ஒன்றை உருவித் தந்தார். எந்த நிலையத்துக்கும் இரண்டே யுவான் என்று இருந்த காலத்தது. அவர் என்னிடம் பத்து யுவான் வாங்கிக்கொண்டார். ஓரத்தில் சற்றுக் கிழிந்திருக்கிறது. அது உள்ளே விடும்போது அடிச்சீட்டைக் கிழித்த தடமா, கிழவர் உருவியபோது கிழிந்ததா என்று நீயே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுது.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி திருச்சி வருகிறேன்.

அன்புடன்,
வரதன்